கிராக்கோவில் மூன்று இரவு



பேராக் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். பால்மரம் வெட்டியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். கணவர் செம்பனை ஆலையிலிருந்து ஓய்வு பெற்றிருக்கிறார். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகள் இருவருக்கும் விமான டிக்கெட் எடுத்துவிட்டாளாம். ‘இங்கே வந்த பிறகு நீங்கள் இருவர் மட்டும் பக்கத்திலிருக்கும் போலந்துக்குப் போய் மூன்று இரவு தங்கிவிட்டு வாருங்கள் என்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டுமாய் எங்குமே போனதில்லை. பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது. அங்கே எதைப் பார்ப்பது? எதைச் சாப்பிடுவது?’ என்று கேட்கிறார்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் இன்று தோட்டத்திலும் டவுனிலும் எத்தனையோ. ஆகவே அந்தச் சகோதரிக்குச் சொல்லுவதை எல்லாருக்குமாகவே சொல்லுகிறேன்.

முதலில் ஒன்று. ‘போலந்தைப் பார்க்கப் போகிறோம்’ என்று கிளம்பாதீர்கள். அந்த நாடு பரப்பளவில் நம் மலேசியாவைவிடச் சற்றே சிறியது. வடக்கே பால்டிக் கடலோரத்தில் கிடான்ஸ்க், நடுவே தலைநகர் வார்சா, தெற்கே கிராக்கோவ். மூன்றையும் மூன்று நாளில் காட்டுகிறோம் என்று திட்டம் போட்டுத் தருகிறவர்கள் உண்டு. அப்படிப் போனால் நீங்கள் பார்ப்பது ரயில் ஜன்னலைத்தான். ஒரே ஊர், ஒரே அறை, பெட்டியை ஒரே தடவை அவிழ்த்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் யோசனை கிராக்கோவ்.

வார்சாவைக் குறை சொல்லுவதாக எண்ண வேண்டாம். 1944-இல் ஜெர்மானியர் இடித்துத் தரைமட்டமாக்கிய அந்த நகரத்தின் பழைய பகுதியை, பழைய ஓவியங்களைக்கூடப் பார்த்துப் பார்த்து மக்கள் மறுபடி எழுப்பினார்கள். ஆனால் அது பரந்து கிடக்கும் ஊர்; வண்டி மாறி வண்டி ஏற வேண்டும். கிராக்கோவ் பதினாறாம் நூற்றாண்டின் கடைசிவரை அரசர்கள் இருந்த ஊர். போரில் பெரிய சேதமில்லாமல் தப்பியது. பழைய நகரம் முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம்.

மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் நல்லவை. ஜூனில் இரவு ஒன்பது மணி வரையில் வெளிச்சம் இருக்கும். டிசம்பரிலோ மாலை நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். ஜனவரியில் பனி கொட்டும். பனியைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் போகலாம், ஆனால் வழுக்கும் தரையில் நடந்து பழக்கமில்லாத நமக்கு ஒரு தடவை விழுந்தால் பயணமே போச்சு.

நகரின் நடுவில் பெரிய சந்தைச் சதுக்கம். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 200 மீட்டர். 1257-இல் ஊரைத் திட்டமிட்டபோது அளந்து விட்ட இடம் அது. நடுவில் ஜவுளி வணிகர்களின் பழைய மண்டபம் நிற்கிறது. அதன் மூலையிலிருக்கும் மரியன்னை தேவாலயத்தின் உயரமான கோபுரத்திலிருந்து மணிக்கு ஒருமுறை, இரவிலும்கூட, ஒருவர் எக்காளம் ஊதுவார். நாலு திசைக்கும் நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் பாட்டு பாதியில் சட்டென்று அறுந்துவிடும். தாத்தாரியர் படையெடுத்து வந்தபோது எச்சரிக்கை ஊதிய காவலாளியின் தொண்டையில் அம்பு பாய்ந்ததாம். அவன் விட்ட இடத்திலேயே இன்றும் விடுகிறார்கள் என்பது கதை. இன்று ஊதுகிறவர்கள் நகரத் தீயணைப்புப் படையைச் சேர்ந்தவர்கள். முதல் நாள் வேறெதுவும் வேண்டாம். சதுக்கத்தில் ஓர் ஓரமாய் உட்கார்ந்து அந்த ஓசையைக் கேளுங்கள். உள்ளே போனால் பதினைந்தாம் நூற்றாண்டில் வைட் ஸ்டாஸ் என்ற சிற்பி பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்துச் செதுக்கிய மரப் பலிபீடம் இருக்கிறது. மர வேலை தெரிந்தவர் அங்கிருந்து சீக்கிரம் நகரமாட்டார்.

வாவெல் குன்றின் மேலிருக்கும் அரண்மனையை ஒரு காலையில் பார்த்து முடித்துவிடலாம். பகுதி பகுதியாகத் தனித்தனி டிக்கெட்; எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை.

இரண்டாம் நாளை முழுதாக வியேலிச்கா உப்புச் சுரங்கத்துக்கு வையுங்கள். கிராக்கோவிலிருந்து ரயிலில் அரைமணி நேரத்துக்குள் போய்விடலாம். இந்தப் பயணத்தில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்லுவேன். பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து 1996 வரை அங்கே உப்பு வெட்டினார்கள். பூமிக்கடியில் 240 கிலோமீட்டருக்கு மேல் குகை வழிகள். நமக்குக் காட்டுவது ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர்தான்.

உப்பு வெட்டுகிறவன் பாடு எப்படி இருந்தது என்பதை அங்கே பொம்மைகளாய் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். குகைக் கூரையில் சேர்ந்துவிடும் தீப்பற்றும் வாயுவைப் போக்க, ஈரத் துணியைப் போர்த்துக்கொண்டு, நீண்ட கழியில் தீப்பந்தத்தைக் கட்டி, தரையோடு தரையாய் ஊர்ந்து போய்க் கொளுத்துவார்களாம் சிலர். வாளி நிறைந்த பாலைக் காண்டாவில் சுமந்தவர்களுக்கு உழைப்பைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் அந்த உருவங்களுக்கு முன் நிற்கும்போது பேச்சு வராது.

அதற்குப் பிறகு வருகிறது அந்தக் கோயில். 101 மீட்டர் ஆழத்தில் 54 மீட்டர் நீளமுள்ள தேவாலயம். தரை உப்பு, சுவர் உப்பு, பீடம் உப்பு, மேலே தொங்கும் சரவிளக்கின் மணிகளும் உப்புப் படிகம். 1896-இல் தொடங்கிய இந்த வேலையைச் செய்தவர்கள் சிற்பக் கல்லூரிக்காரர்கள் அல்லர்; மார்க்கோவ்ஸ்கி என்ற அண்ணன் தம்பி இருவரும், அவர்களுக்குப் பின் விரோதெக் என்பவரும். மூவருமே சுரங்கத் தொழிலாளிகள். ஆளாளுக்குக் கூலியில் காசு போட்டு, வேலை முடிந்த மாலையில் செங்கல் அடுக்கித் தோட்டத்துக் கோயிலைக் கட்டிய பெரியவர்கள் நம் லயத்திலும் இருந்தார்கள் அல்லவா? அவர்களை நினைக்காமல் அங்கே நிற்க முடியாது.

இரண்டு சங்கதிகளைக் கவனியுங்கள். தொடக்கத்திலேயே 380 படி இறங்க வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 800 படிகள். மேலே வருவதற்கு மட்டும் மின்தூக்கி உண்டு. ஆண்டுக்கணக்கில் மேடு பள்ளம் ஏறி இறங்கிய முட்டிகளுக்கு இது சோதனைதான். அவசரப்படாமல் கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள். முட்டி ஒத்துழைக்காதவர்கள் டிக்கெட் எடுக்குமுன் மாற்று வழி உண்டா என்று சுரங்க அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே எப்போதும் 17, 18 டிகிரிதான், கேமரன் மலைக் குளிர். ஒரு கம்பளிச் சட்டை போதும். வழிகாட்டியோடுதான் போக முடியும். ஆங்கிலம் பேசும் குழுவுக்கு நேரம் குறித்து முன்னதாகவே டிக்கெட் வாங்க மகளிடம் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் நாள் காலையில் டிராம் ஏறி நோவா ஹூத்தா போங்கள். சுற்றுலாக்காரர்கள் அதிகம் போகாத இடம். 1949-இல் வயற்காட்டில் கட்டத் தொடங்கிய உருக்காலை நகரம் அது. அகன்ற வீதி, வரிசை வரிசையாய்த் தொழிலாளர் குடியிருப்பு. கம்யூனிஸ்ட் அரசு போட்ட திட்டத்தில் எல்லாம் இருந்தது, கோயில் மட்டும் இல்லை. 1960-இல் மக்கள் நட்டு வைத்திருந்த சிலுவையைப் பிடுங்க ஆட்கள் வந்தபோது முதலில் எதிர்த்து நின்றவர்கள் பெண்கள். 1967-இல் வேலை தொடங்கி, தொண்டர்கள் கைவேலையாகவே பத்து வருஷம் கட்டினார்கள். வெளிச்சுவர் முழுக்க ஆற்றுக் கூழாங்கல். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் பொறுக்கி அனுப்பியவை. 1977-இல் அதைத் திறந்து அர்ச்சித்த கிராக்கோவ் பேராயர்தான் மறு ஆண்டு போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் ஆனார்.

அந்த உருக்காலையின் ஊதுலையை நிரந்தரமாக மூடுவதென்று 2020-இல் அறிவித்துவிட்டார்கள். ஆலைக்காகப் பிறந்த ஊர், ஊதுலை ஓய்ந்த பிறகும் இருக்கிறது. அந்தக் குடியிருப்புகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், மரங்கள் வளர்ந்து நிழல் தருகின்றன. தோட்டத்தை விற்றுத் துண்டாடியபோது லயத்தைக் காலி செய்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. போய் வந்தவர்கள் எழுதுங்கள்.

கிராக்கோவ் என்றதும் பலர் கேட்பது ஆஷ்விட்ஸ். நகரிலிருந்து 70 கிலோமீட்டருக்குள்தான். ஹிட்லரின் ஆட்கள் ஏறத்தாழ 11 லட்சம் பேரைக் கொன்ற முகாம். பெரும்பாலோர் யூதர்கள், குழந்தைகள் உட்பட. 1945 ஜனவரி 27-இல் விடுவிக்கப்பட்டது, 1947-லிருந்து நினைவிடம். போக வேண்டுமா? என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லுகிறேன். இருவரும் மனமொத்து விரும்பினால் போங்கள். அப்படியானால் நோவா ஹூத்தாவை விட்டுவிட்டு மூன்றாம் நாள் முழுவதையும் அதற்கே கொடுங்கள். ஒருவருக்கு மனமில்லை என்றால் மற்றவர் வற்புறுத்தக் கூடாது. காலையில் அது, மாலையில் கடைத்தெரு என்று செருகுகிற இடமில்லை அது. நுழைவுச் சீட்டுக்கு முன்பதிவு வேண்டும். திரும்பிய இரவு சாப்பாடு இறங்காமல் போனால் ஆச்சரியப்படாதீர்கள். போகாதவர்கள் நகருக்குள்ளேயே கசிமியேஷ் என்னும் பழைய யூதர் பகுதியில் நடக்கலாம். ஒரு காலத்தில் கிராக்கோவில் நாலு பேரில் ஒருவர் யூதர். இன்று ஜெபக்கூடங்கள் நிற்கின்றன, அந்த ஜனங்களில் வெகு சிலரே இருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். ‘பியெரோகி’ என்று ஒரு பண்டம். நம் கொழுக்கட்டையை மாவாலே தட்டையாக மடித்து வேக வைத்தது போலிருக்கும். ‘ருஸ்கியே’ என்று கேட்டால் உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும், சைவம்தான். ஆனால் மேலே வதக்கிய வெங்காயத்தோடு பன்றிக் கொழுப்புத் துண்டு தூவுவதும் உண்டு, முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ‘பார் ம்லெச்னி’ என்ற பலகை மாட்டிய சாதாரணச் சாப்பாட்டுக் கடைகளில் விலை மலிவு. தொழிலாளிகளும் மாணவர்களும் தாத்தா பாட்டிகளும் தட்டைத் தாங்களே தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். தெருவில் தள்ளுவண்டியில் விற்கும் வளையல் ரொட்டி இரண்டு வாங்கினால் காலைப் பசியாறல் முடிந்தது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ‘வொவோவினா’ என்ற சொல்லையும், பன்றி வேண்டாதவர்கள் ‘வியெப்ஷொவினா’ என்ற சொல்லையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ‘பெஸ் மியென்சா’ என்றால் இறைச்சி இல்லாமல். சோறு நம் சோறு போல் வராது, மூன்று நாள்தானே. கைப்பையில் மாங்காய் ஊறுகாய் ஒரு சிறு பாட்டில் இருந்தால் அவருக்கு முகம் மலரும்.

அங்கே யூரோ காசு இல்லை, ஸ்வோத்தி. ஏறத்தாழ நம் ஒரு வெள்ளிக்கு ஒரு ஸ்வோத்தி என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்ளலாம். விமான நிலையத்தில் கொஞ்சமாக மாற்றுங்கள். மீதியை ஊருக்குள் ‘கான்டோர்’ என்று எழுதிய கடையில், விற்கும் விலையும் வாங்கும் விலையும் நெருங்கி இருக்கும் இடமாகப் பார்த்து மாற்றலாம். பண இயந்திரம் ‘உங்கள் நாட்டுக் காசில் கழிக்கட்டுமா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அதில்தான் காசு பறிபோகும். டிராமில் டிக்கெட் வாங்கியதும் வண்டிக்குள் இருக்கும் சிறு பெட்டியில் குத்த வேண்டும். 2018-லிருந்து வந்த சட்டப்படி பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கடைகள் பூட்டு. மகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் சாமான் வாங்குவதைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள்.

மலேசியக் கடப்பிதழும் சிங்கப்பூர்க் கடப்பிதழும் உள்ளவர்களுக்கு 180 நாளில் 90 நாள் வரை விசா வேண்டாம். ஐரோப்பாவில் இறங்கும்போது கைரேகையும் முகப்படமும் எடுப்பார்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய முறை. இணையவழி முன்அனுமதி ஒன்றும் அறிவித்திருக்கிறார்கள், புறப்படும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஜெர்மனி, போலந்து எல்லையில் 2025-இல் மறுபடியும் சோதனை வைத்தார்கள். கடப்பிதழைப் பெட்டிக்குள் புதைக்காமல் மேலாகவே வைத்திருங்கள். இன்னும் சிவப்பு அடையாளக் கார்டோடு இருக்கும் பெரியவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அந்த வீடுகளில் பிள்ளைகள் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே குடிநுழைவு அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது.

கடைசி மாலைக்கு நான் ஒன்றும் குறிக்கவில்லை. பழைய நகரத்தைச் சுற்றிலும் மதில் இருந்த இடத்தில் ‘பிளாந்தி’ என்று நாலு கிலோமீட்டர் பூங்கா இருக்கிறது. மர நிழல், எங்கு பார்த்தாலும் பெஞ்சு. ஐயா வேகமாக நடப்பார், அம்மா பின்தங்குவார். நம் வீடுகளில் அதுதானே வழக்கம். அன்றைக்கு மட்டும் அவரை மெதுவாக நடக்கச் சொல்லுங்கள்.