கடாரத்தில் நின்றுகொண்டு கப்பலுக்குக் கைதட்டுகிறவர்கள்

2025 ஜூலைக் கடைசியில் இந்தியப் பிரதமர் மோடி கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போனார். ராஜேந்திர சோழனின் கடல் படையெடுப்புக்கு ஆயிரம் ஆண்டு என்று விழா. நினைவு நாணயமும் வெளியிட்டார்கள். அன்று மாலைக்குள் எங்கள் சுங்கைப்பட்டாணி வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் புலிக்கொடியும் பாய்மரமும் வந்து குவிந்துவிட்டன. ‘நம்மாளு கடாரம் கொண்டான்’ என்று ஒருவர் போட, ‘இந்தியா வல்லரசு ஆனா நமக்கும் மரியாதை’ என்று இன்னொருவர். நூற்றுக்கும் மேற்பட்ட கைதட்டல் பொம்மைகள்.

கடாரம் என்பது எது? மெர்போக் ஆற்றுப்பக்கம், புஜாங் பள்ளத்தாக்கு, இப்போது நாங்கள் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் இந்த மண்தான். தஞ்சாவூர்க் கல்வெட்டு அந்தப் படையெடுப்பைப் பற்றிச் சொல்வது யானைகளையும் பொக்கிஷத்தையும் மணி பதித்த வாசல் தோரணத்தையும் எடுத்துக்கொண்டு போன கதை. எடுக்கப்பட்ட இடத்தில் குடியிருந்துகொண்டு எடுத்தவனுக்குக் கைதட்டுவது உலகத்திலேயே நம்மால் மட்டும் முடிகிற காரியம்.

1025இல் நடந்தது ஏன் என்பதற்கு வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்லும் காரணம் வணிகம். அந்தப் பக்கம் சோழர், இந்தப் பக்கம் சோங் அரசமரபுச் சீனம். இரண்டு பெரிய சந்தைகளுக்கும் நடுவில் நீரிணையைப் பிடித்துக்கொண்டு வரி வாங்கிய ஸ்ரீவிஜயம். அதன் துறைமுகங்களில் ஒன்று கடாரம். பெரிய சந்தைகள் ஒன்றையொன்று தேடும்போது நடுவில் இருக்கிற சின்னத் துறைமுகத்துக்கு என்ன ஆகும் என்ற கேள்வி நமக்கு ஆயிரம் வருடப் பழசு. அதைக் கேட்பதற்குப் பதிலாக ஸ்டேட்டஸ் போடுகிறோம்.

இதெல்லாம் உணர்ச்சி சமாச்சாரம், பொருளாதாரம் வேறு என்பவர்களுக்காக இரண்டு கணக்கு சொல்கிறேன். ஒன்று எண்ணெய், ஒன்று அரிசி. இரண்டும் அடுப்படிச் சாமான்.

2019 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் மகாதீர் ஐ.நா. சபையில் காஷ்மீரைப் பற்றிப் பேசினார். அலோர் ஸ்டாரில் பிறந்தவர், லங்காவியின் நாடாளுமன்ற உறுப்பினர், ஆக எங்கள் மாநிலத்து ஆள். அவர் பேசியது சரியா தப்பா என்பது வேறு விவாதம். அடுத்த மாதமே இந்திய எண்ணெய் ஆலைக்காரர்களின் சங்கம் மலேசியச் செம்பனை எண்ணெயைத் தவிர்க்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. 2020 ஜனவரி 8ஆம் தேதி சுத்திகரித்த செம்பனை எண்ணெய் இறக்குமதியை இந்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அறிவிப்பில் மலேசியாவின் பெயர் கிடையாது. யாருக்கு அடி என்று எல்லாருக்கும் தெரிந்தது. 2019இல் நம் செம்பனை எண்ணெயை வேறு எந்த நாட்டையும்விட அதிகமாக வாங்கியது இந்தியாதான், நாற்பது லட்சம் டன்னுக்கு மேல். பதிலடி கொடுக்கிற அளவுக்கு நாம் பெரிய நாடில்லை என்று மகாதீரே லங்காவியில் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். இருபது வருடத்துக்கு மேல் மேற்கு நாடுகளை வாய்க்கு வந்தபடி கேள்வி கேட்ட மனிதர், தெற்கிலிருக்கும் ஒரு நாட்டின் முன்னால் அப்படிச் சொல்ல வேண்டி வந்தது.

பிப்ரவரியில் அவர் பதவி விலகினார். மே மாதம் புதிய அரசு இந்தியாவிடமிருந்து ஒரு லட்சம் டன் அரிசி வாங்க ஒப்பந்தம் போட்டது. செம்பனை எண்ணெய்க்கு மறுபடி கதவு திறந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு என்று எந்தக் கோப்பிலும் எழுதியிருக்க மாட்டார்கள். கடைத்தெருவில் கணக்குத் தீர்த்த யாருக்கும் இதற்கு விளக்கவுரை வேண்டாம்.

அடுத்தது அரிசி. 2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத பச்சை வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி. உலக அரிசி வணிகத்தில் ஏறக்குறைய 40 சதவீதத்தைக் கையில் வைத்திருக்கும் நாடு கதவைச் சாத்தினால் வியட்நாமிலும் தாய்லாந்திலும் விலை ஏறத்தான் செய்யும். செப்டம்பர் 1ஆம் தேதி பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்த்தியது. உள்ளூர் அரிசிக்குக் கிலோ 2 வெள்ளி 60 சென் என்று அரசு உச்சவரம்பு வைத்திருந்ததால் எல்லாரும் அதற்குப் பாய்ந்தார்கள். சில நாளில் உள்ளூர் அரிசி கடைகளில் கண்ணில் படவில்லை.

எங்கே? கெடாவில். நாட்டின் நெற்களஞ்சியம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த மாநிலத்தில். 1970இலிருந்து மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் வருடத்துக்கு இரண்டு போகம் விளைகிற வயல்களுக்குப் பக்கத்தில். அம்மா மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு வந்து, “வயலு இங்கதான இருக்கு, அரிசி எங்கடா போச்சு?” என்று கேட்டார். பொறியியல் படித்த மகனிடம் பதில் இல்லை. இட்லிக்குப் போடும் புழுங்கலரிசியும் விலை ஏறியிருந்தது. அது மட்டும் தமிழ் வீட்டுக்குத் தனி அடி.

இந்தியாவைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. தன் வீட்டுப் பானையை முதலில் பார்த்துக்கொள்வது எந்த அரசும் செய்வதுதான். உள்ளூரில் விலை ஏறுகிறது, அடுத்த வருடம் தேர்தல், அவர்கள் செய்தார்கள். அக்டோபரில் மலேசியாவுக்கு 1,70,000 டன் விலக்குக் கொடுத்தார்கள். 2024 ஆகஸ்டில் அன்வார் டில்லிக்குப் போனபோது இன்னொரு 2,00,000 டன். ‘சிறப்புச் சலுகை’ என்று நம் செய்திகளில் பெருமையாக வந்தது. சலுகை என்பது கொடுப்பவன் கையில் இருக்கிற சொல். சொந்தக்காரன் என்று நாம் உருகுவதால் ஒரு மூட்டை கூட வராது. அந்த விலக்குப் பட்டியலில் நம்மோடு பிலிப்பைன்சும் கேமரூனும் இருந்தன. அவர்களை எந்தச் சோழனும் கொள்ளவில்லை.

திட்ட வேண்டிய இடம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 1996இல் தனியார்மயமான பெர்னாஸ் ஒன்றுதான் இந்த நாட்டுக்குள் அரிசி இறக்குமதி செய்யலாம். 2021இல் அந்த உரிமையை இன்னும் பத்து வருடம் நீட்டிக் கொடுத்தார்கள். அதன் பின்னாலிருக்கும் பெரும் பணக்காரர் சைட் மொக்தார் அல்புகாரியும் அலோர் ஸ்டாரில் பிறந்தவர்தான். டில்லி முடிவெடுக்கிறது, கோலாலம்பூரில் ஒரு நிறுவனம் விலையை எழுதுகிறது, யானிலும் பெண்டாங்கிலும் நெல் விளைவிப்பவனுக்கும் சுங்கைப்பட்டாணியில் அதைச் சோறாக்குபவருக்கும் அதில் பேச்சே கிடையாது. உரிமம் ஒரே கையில் இருக்கும்வரை எந்த நாட்டோடு உறவு வைத்தாலும் நமக்கு மூட்டை ஒரே வாசல் வழியாகத்தான் வரும்.

சீனாவுக்கு வருகிறேன். இங்கே நம்மவர்கள் தலைகீழாக நிற்பார்கள். இந்தியா என்றால் உருக்கம், சீனா என்றால் பயம். ‘சீனாக்காரன் எல்லாத்தையும் வாங்கிடுவான்’ என்று கோப்பிக்கடையில் பேசிக்கொள்வார்கள். 2009இலிருந்து மலேசியாவின் மிகப் பெரிய வணிகப் பங்காளி சீனா. நம் ரப்பரை அதிகம் வாங்குவதும் அதுதான். பாலிங் பக்கத்தில் நாலு ஏக்கர் கித்தா வைத்திருப்பவன், மங்கில் உறைந்த பாலுக்கு இன்றைக்கு என்ன விலை என்று கேட்கும்போது, ஷாங்காய்ச் சந்தையில் நேற்று என்ன நடந்தது என்றுதான் கேட்கிறான். அவனுக்கு அது தெரியாமலிருக்கலாம், தரகருக்குத் தெரியும்.

1974இல் இதே பாலிங்கில் ரப்பர் விலை விழுந்து, சாமான் விலை ஏறி, சிறுதோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். கோலாலம்பூரில் மாணவர்கள் அவர்களுக்காக ஊர்வலம் போனார்கள். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்துப்போடப்பட்டவர்களில் ஓர் இளைஞர் இன்றைய பிரதமர். அன்றைக்கு விலையை முடிவு செய்தது மேற்கத்திய நாடுகளின் டயர் தொழிற்சாலைகள். இன்றைக்கு இடம் மாறியிருக்கிறது. விலை குறைந்தால் கையில் கொடுக்க ஓர் ஊக்கத்தொகைத் திட்டம் வைத்திருக்கிறார்கள். 2024இல் அதன் வரம்பைக் கிலோவுக்கு 3 வெள்ளி என்று உயர்த்தினார்கள். ஐம்பது வருடத்தில் பாலிங்குக்குக் கிடைத்தது அவ்வளவு.

‘வெள்ளைக்காரனைவிட இவங்க மேல், இவங்களும் நம்மைப் போல அடிமையா இருந்து எழுந்தவங்க’ என்பார்கள். மலேசியா 2025 ஜனவரியிலிருந்து பிரிக்ஸ் அமைப்பின் பங்காளி நாடு என்பதால் இந்த வசனம் இப்போது அதிகம் கேட்கிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம் இதைச் சொல்லாதீர்கள். 1981 செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன் பங்குச்சந்தையில் சில மணி நேரத்தில் கத்ரி நிறுவனத்தை மலேசியாவின் பெர்மோடாலான் நேஷனல் வாங்கிப்போட்டது. சரித்திரச் சாதனை, சந்தேகமில்லை. துரை போனார். லயம் அப்படியே இருந்தது, விடிகாலைப் பிரட்டும் அப்படியே இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை அதற்குப் பிறகும் பல வருடம் இழுத்தது. முதலாளியின் தோல் நிறம் மாறினால் கூலி மாறும் என்பதற்கு நம் தாத்தா பாட்டிகளின் வாழ்க்கையில் ஓர் ஆதாரம் கூடக் கிடையாது.

கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்துவிட்டு அந்தப் பக்கத்தில்தான் வேலைக்குப் போனேன். முதல் வேலை ஒரு சீன முதலீட்டுத் தொழிற்சாலையில். இயந்திரத்தின் திரை சீனத்தில், கையேடு சீனத்தில். பழுதானால் கோளாறு எண்ணைப் படம் எடுத்து வீசாட்டில் அனுப்பி, அங்கிருந்து பதில் வரும்வரை காத்திருப்போம். எதை அழுத்த வேண்டும் என்று சொல்வார்கள். ஏன் என்று கேட்டால், “தேவையில்லை” என்று மொழிபெயர்ப்புச் செயலி சொல்லும். பிறகு ஓர் ஐரோப்பிய நிறுவனத்துக்கு மாறினேன். அங்கே எல்லாம் ஆங்கிலம், சிரிப்பு அதிகம், வடிவமைப்புக் கோப்பு மட்டும் அங்கேயும் திறக்காது. ஆகவே சீனன் மோசம், வெள்ளையன் நல்லவன் என்ற கதைக்கு என்னிடம் சரக்கு இல்லை. இரண்டு இடத்திலும் பொத்தான் நம்முடையது, அறிவு அவர்களுடையது. தாத்தா பால் வெட்டினார், டயர் எப்படிச் செய்வது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பட்டம் வாங்கிய பேரனுக்குக் குளிர்சாதனம் கூடுதல்.

2025 ஏப்ரலில் சீன அதிபர் சீ சின்பிங் கோலாலம்பூர் வந்தபோது 31 ஆவணங்கள் பரிமாறிக்கொள்ளப்பட்டன. அதே மாதம் அமெரிக்க வர்த்தகத் துறை மலேசியா உட்பட நான்கு தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து வரும் சூரிய மின்கலங்களுக்குத் தண்டவரி விகிதங்களை இறுதி செய்தது. இங்கே தயாரிப்பவற்றில் பல சீனாவின் ஆதரவில் அடக்கவிலைக்குக் கீழே விற்கப்படுகின்றன என்பது அவர்கள் வாதம். சண்டை அவர்களுக்கும் சீனாவுக்கும். உற்பத்தி வரிசை நின்றால் வீட்டுக்கு அனுப்பப்படுவது இங்கே ஒப்பந்தத்தில் வேலை செய்கிற பெண்கள். நடுவில் இருக்கிற துறைமுகம் என்று மேலே சொன்னேனே, அதேதான்.

முதலீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கே சோறு போடுவது அதுதான். வருகிறவனிடம் என்ன கேட்கிறோம் என்பதுதான் என் சண்டை. இத்தனை வருடத்தில் இத்தனை உள்ளூர்ப் பொறியாளர் வடிவமைப்பில் இருக்க வேண்டும், கையேடு நமக்குப் புரியும் மொழியில் வேண்டும், வரிச்சலுகை அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் நீளும் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வல்லரசாக இருக்கத் தேவையில்லை. சீனா தன் நாட்டுக்கு வந்த அந்நிய நிறுவனங்களிடம் இதைத்தான் கேட்டுக் கேட்டு வளர்ந்தது. நம் மந்திரி பெசார்கள் எத்தனை பில்லியன் என்ற எண்ணிக்கையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

நம் ஆட்கள் ஒருமுறை வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் ஏராளம். துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிக்கு ஒரு பங்கு வாங்குங்கள் என்று கேட்டார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அது முதலில் வாங்கியது இங்கே கெடாவில், புக்கிட் சிடிம் தோட்டத்தை. அந்தச் சங்கத்தின் மேல் விமர்சனம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் அன்றைக்குப் பால்மரம் வெட்டியவர்களுக்கு, வாங்குபவன் நம்ம இனமா என்ற கேள்வியைவிட நிலம் யார் பெயரில் என்ற கேள்வி பெரிதாகத் தெரிந்திருக்கிறது. பட்டதாரிகளான நமக்குப் பாய்மரம்தான் தெரிகிறது.

2024 ஆகஸ்டில் டில்லியில் அரிசிச் செய்தியோடு இன்னொன்றும் கையெழுத்தானது. தொழிலாளர்களைச் சேர்ப்பது, வேலைக்கு அமர்த்துவது, திருப்பி அனுப்புவது பற்றிய புரிந்துணர்வு ஒப்பந்தம். கங்காணி கூட்டிவந்த ஆட்களின் கொள்ளுப்பேரன் பேத்திகள் லட்சக்கணக்கில் வாழும் நாடு இது. அந்த மூன்று வினைச்சொற்களையும் நம் வாட்ஸ்அப் குழுவில் யாராவது வாசித்தார்களா என்று தேடிப் பார்த்தேன். சுங்கைப்பட்டாணி பெரிய பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் உணவுக்கடையில் திருவாரூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் பரோட்டா போடுகிறான். அவனுடைய கடப்பிதழ் முதலாளி மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டேன். “ஊர்ல நெலத்த வச்சிட்டுதாண்ணே வந்தேன்” என்றான்.