அடைப்பு நீங்கிய பின்னும் நீங்காத பயம்



இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கிற உங்களுக்கு இந்த வாரம் எழுதுகிறேன்.

சிகிச்சைக்குப் பின்பு சிலர் நாளொன்றுக்குப் பத்து முறை இரத்த அழுத்தம் பார்த்து, ஒவ்வொரு சிறு குத்தலுக்கும் நடுங்குகிறார்கள். வேறு சிலரோ வலி நின்றது, ஜெபம் கேட்கப்பட்டது என்று சொல்லி மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவதே அதிக ஆபத்து. ஸ்டென்ட் ஓர் உலோக வலைக்குழல். குழாயின் உட்சுவர் அதன்மேல் வளர்ந்து மூடும்வரை அங்கே இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளக்கூடும். அதற்காகவே ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மருந்தையும் பெரும்பாலும் 6 முதல் 12 மாதங்கள்வரை கொடுக்கிறார்கள். பல் பிடுங்கப் போனாலும், இருதய மருத்துவரைக் கேளாமல் இவற்றை நிறுத்தலாகாது.

மாத்திரை விழுங்குவது அவிசுவாசம் என்று சாட்சி நேரத்தில் பேசப்படுவதை நான் ஏற்பதில்லை. எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசில் 15 வருஷம் கூட்டப்பட்ட அதே அதிகாரத்தில்தான் அவருடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையும் வைக்கப்பட்டது. வாக்குத்தத்தம் பெற்றவரே மருந்தையும் ஏற்றுக்கொண்டார்.

1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில் மருத்துவர் ஆண்ட்ரியாஸ் குரூன்சிக், 38 வயதுடைய ஒருவரின் இருதயக் குழாயைப் பலூனால் விரித்தார். விழித்திருந்த நோயாளிக்கு இப்படிச் செய்தது அதுவே முதல்முறை. 10 ஆண்டுகள் கழித்துப் படமெடுத்தபோதும் அந்தக் குழாய் திறந்தே இருந்தது. எல்லாருக்கும் அப்படியே ஆகும் என்று சொல்லவில்லை. ஆனால் மறுபடியும் பார்த்ததினால்தானே அந்த நற்செய்தி தெரியவந்தது? தைத்த பனியனைச் செக்கிங் மேஜைக்கு அனுப்புகிற நாம், நம் சரீரத்தைச் செக்கிங்குக்கு அனுப்ப ஏன் அஞ்சுகிறோம்?

பயம் மட்டும் காரணமல்ல என்பதையும் அறிவேன். காதர்பேட்டையிலும் சுற்றியுள்ள கம்பெனிகளிலும் பீஸ்ரேட்டுக்குத் தைக்கிறவருக்கு ஆஸ்பத்திரியில் கழியும் நாள் கூலியில்லாத நாள். ஆர்டர் முடிக்க வேண்டிய வாரத்தில் லீவு கேட்கவும் நா எழாது. ஆகவே யூனிட் நடத்துகிற சபையாருக்கு ஒரு வார்த்தை: மறுபரிசோதனை நாளில் உங்கள் தொழிலாளிக்குக் கூலியோடு விடுப்புக் கொடுங்கள். காணிக்கை அதற்குப் பிறகு வரட்டும்.

நெஞ்சில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை இவை வந்தால் முதலில் என்னை அழைக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். அதன்பின் என்னை அழைத்தால், வண்டி வந்து சேரும்வரை உங்களோடு ஜெபித்துக்கொண்டிருப்பேன்.