ஊவா மாகாண சபை என்ன ஏணிப்படியா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

2014இல் ஹரின் பெர்னாண்டோ பாராளுமன்ற உறுப்பினர் பதவியை இராஜினாமா செய்துவிட்டு ஊவா மாகாண சபைத் தேர்தலில் இறங்கினார். பெரிய சபையை விட்டுச் சின்னச் சபைக்கு வருவதை நாங்கள் இறக்கமாகப் பார்க்கவில்லை. கொழும்புக் கதிரையை விட்டுவிட்டு எங்களிடம் வருகிறார் என்றுதான் பார்த்தோம். செப்டெம்பர் 20 அன்று பதுளை மாவட்டம் அவருக்கு 1 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் அதிகமான விருப்பு வாக்குகளைக் கொடுத்தது.

34 ஆசனங்களில் அவரது ஐ.தே.க.வுக்குக் கிடைத்தது 13. எதிர்க்கட்சித் தலைவரானார். 2015 ஜனவரியில் நாட்டில் ஆட்சி மாறியதும் முதலமைச்சரானார். சரி, இனி வேலை நடக்கும் என்று இருந்தோம். அதே வருடம் ஆகஸ்ட் 17 பொதுத் தேர்தலில் மறுபடியும் பாராளுமன்றம், பிறகு தொலைத்தொடர்பு அமைச்சு. முதலமைச்சர் கதிரையில் எட்டு மாதம்கூட முழுதாக இருக்கவில்லை.

"மத்திய அமைச்சர் என்றால் மாவட்டத்துக்கு இன்னும் நல்லதுதானே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தோட்டப் பாடசாலைகளும் முஸ்லிம் பாடசாலைகளும் பெரும்பாலும் மாகாணப் பாடசாலைகள். ஆசிரியர் நியமனம், இடமாற்றம், கட்டடம் எல்லாம் மாகாணத்தின் கையில். அந்தக் கதிரையில் யார் இருக்கிறார் என்பது எங்கள் பிள்ளைகளுக்குச் சின்ன விஷயம் அல்ல.

அவருக்குப் பிறகு வந்தவர் சாமர சம்பத் தசநாயக்க. 2018 ஜனவரியில் பதுளைத் தமிழ் மகளிர் பாடசாலை அதிபர் ஒருவரை முழந்தாளிட வைத்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்ததும், மாகாணக் கல்வி அமைச்சுப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆசிரியர்களான எங்களுக்கு அது இலகுவில் மறக்காது. 2020இல் அவரும் பாராளுமன்றம் போய்விட்டார்.

இன்னும் கேளுங்கள். 2017 செப்டெம்பர் 20, ஊவாத் தேர்தல் நடந்து சரியாக மூன்று வருடம். அன்றுதான் மாகாணத் தேர்தல் முறையை மாற்றும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அடுத்த வருடம் ஆகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சர் பைசர் முஸ்தபாவே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை, தேர்தலும் இல்லை. எங்கள் சபைக்காகப் பாராளுமன்றத்தை விட்டு வந்த ஹரின் அப்போது அந்த அரசாங்கத்தின் அமைச்சர்.

2019 ஒக்டோபரில் ஊவா மாகாண சபையின் காலம் முடிந்தது. இன்றுவரை தேர்தல் இல்லை. உள்ளூராட்சித் தேர்தலைக்கூட இழுத்தடித்து, உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு 2025 மே 6இல் வைத்தார்கள். மாகாண சபையைப் பற்றிப் பேச்சே இல்லை.

சபை இல்லாத மாகாணத்தை ஆளுநர்கள் நடத்துகிறார்கள். 2020இல் இருந்து சில வருடங்கள் கொழும்பு முன்னாள் மேயர் முஸம்மில் இங்கே ஆளுநராக இருந்தார். நம்மவர் என்று சிலர் சந்தோஷப்பட்டார்கள். எங்களுக்கு அதில் சந்தோஷம் இல்லை. நம்மவரோ பிறரோ, நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பாத ஒருவரிடம் நாங்கள் கணக்குக் கேட்க முடியாது.

இறங்கி வந்தது தப்பில்லை. மேலே போக ஆசைப்படுவதும் தப்பில்லை. ஐந்து வருடத்துக்கென்று வாங்கிய வாக்கை ஒரு வருடத்துக்குள் வேறு கதிரைக்கு மாற்றிக்கொண்டதும், ஏறிய பிறகு ஏணி உடைவதைப் பார்த்துக்கொண்டிருந்ததும்தான் தப்பு.

அடுத்த முறை பச்சையோ சிவப்போ நீலமோ, யார் அப்புத்தளைக்கு வாக்குக் கேட்டு வந்தாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். மாகாணத் தேர்தல் எப்போது? வென்றால் ஐந்து வருடமும் இருப்பீர்களா?

பதில் சொல்லாதவருக்கு ஒரு கோப்பை தேநீர் கொடுத்து அனுப்புங்கள். வாக்கைக் கொடுக்காதீர்கள்.