கம்ப்ரஷன் இல்லைன்னா போர் போச்சுன்னு அர்த்தமா?

மக்களே, இன்னைக்கு கொஞ்சம் சூடான பதிவு. மெக்கானிக்கல் படிச்சிட்டு பொட்டி தட்டுற பயலுக்கு இந்த வேலை எதுக்குன்னு கேக்குறவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம் :)

எங்க வில்லாபுரம் பக்கம் ஒரு தீர்ப்பு ரொம்ப பிரபலம். 2012 மின்வெட்டுல கடைக்கு வாங்கிப்போட்ட கயிறு இழுக்குற ஜெனரேட்டரோ, களையெடுக்குற பவர் வீடரோ, எதைக் கொண்டு போனாலும் சரி. ப்ளக்கைக் கழட்டி கேஜை மாட்டுவாங்க. ரெண்டு இழுப்பு. "கம்ப்ரஷன் இல்ல சார், போர் போயிருச்சு, ரிங் மாத்தணும்." அவ்வளவுதான், சில ஆயிரம் காலி.

அட சாமிகளா, கயிறு இழுக்கும்போது கம்ப்ரஷன் குறையணும்னுதானே அதுல பல என்ஜின்களைச் செஞ்சிருக்கான்!

பிஸ்டன் மேல ஏறும்போது ரெண்டு வால்வும் மூடியிருந்தா, மாட்டுன காத்தை நம்ம கைதான் அமுக்கணும். 1955-ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச என்ஃபீல்டு இந்தியாவோட பழைய புல்லட்ல இதுக்கு டீகம்ப்ரஷன் லீவர் உண்டு. அதைப் பிடிச்சா எக்ஸாஸ்ட் வால்வு லேசா திறக்கும். அம்மீட்டர் முள்ளைப் பாத்து, பிஸ்டனை உச்சி தாண்ட வச்சு, அப்புறம்தான் உதைக்கணும். இல்லைன்னா கிக்கர் திருப்பி நம்ம கணுக்காலை உதைக்கும். கிணத்தடி டீசல் என்ஜினுக்கு ஹேண்டில் போட்டவங்களுக்கும் இந்த லீவர் அத்துப்படி.

இப்ப அந்த லீவர் வேலையை கேம்ஷாஃப்டே பாத்துக்குது. கேம்ல ஒரு குட்டி எடை, ஒரு ஸ்பிரிங், ஒரு பின். மெதுவா சுத்தும்போது பின் லேசா துருத்திக்கிட்டு எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சமா தூக்கும். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கொஞ்சம் காத்து வெளிய போயிரும், கயிறு சுளுவா வரும். என்ஜின் பிடிச்சு வேகம் எடுத்ததும் எடை வெளிப்பக்கம் விரியும், பின் உள்ள போயிரும், முழு கம்ப்ரஷன் வந்துரும். நிறுத்தினா ஸ்பிரிங் பழையபடி இழுத்துக்கும். 2009-ல வந்த புல்லட் கிளாசிக்ல இருந்ததும் இதே ஆட்டோ டீகம்ப்ரஸர் சங்கதிதான்.

அப்ப கேஜ்ல முள் கம்மியா நிக்காம வேற எங்க நிக்கும்?

தமாஷ் என்னன்னா, நிஜமான கோளாறு இதுக்கு நேர் எதிர். வால்வு கேப் அதிகமானா, அந்த இத்தூண்டு தூக்கலை கேப்பே முழுங்கிரும். கயிறு இறுகும், கையைப் பிடுங்கும். அதுக்கு மருந்து ஃபீலர் கேஜும் பத்து நிமிஷமும். புது ரிங் இல்ல.

டூ ஸ்ட்ரோக் காலத்து மெக்கானிக்கை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்ல. அந்த வண்டிகள்ல வால்வும் இல்ல, கேமும் இல்ல. அங்க கேஜ் தீர்ப்பு பெரும்பாலும் செல்லும். ஆனா நாங்க? கேம் ப்ரொஃபைலை ட்ராஃப்டர் வச்சு வரைஞ்சு 16 மார்க் வாங்குனோம். ஒரு நிஜக் கேமைக் கையில வாங்கிப் பாத்தவன் எத்தனை பேர்? படிச்சவன் கழட்ட மாட்டான், கழட்டுறவனுக்கு யாரும் சொல்லித் தர மாட்டான். நடுவுல காசு கொடுக்குறது அந்த சம்சாரி.

அடுத்த தடவை "போர் போச்சு"ன்னா ரெண்டே கேள்வி கேளுங்க. "அண்ணே, கேம்ல டீகம்ப்ரஸர் இருக்கா? வால்வு கேப் பாத்தீங்களா?" அப்பவும் சந்தேகம்னா, பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சியில நிறுத்தி ப்ளக் ஓட்டையில காத்தடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. கிராங்க்கேஸ் ப்ரீதர் வழியா புஸ்ஸுன்னு அடிச்சாதான் ரிங் மேல பழி.

கேக்குறதுல கூச்சம் வேணாம். ரிங் செட்டுக்கு காசு உங்க பாக்கெட்ல இருந்துதான் போகுது :)