கார் இருக்குது, திறப்புத்தான் கிடைக்குதில்லை

போன ரெண்டு மாதமாக நாங்கள் ஊரெல்லாம் ஒரே கேள்வியோடு திரிந்தோம். "மனுவல் கியர் கார் ஒண்டு, பின்னேரத்தில ஒரு மணித்தியாலம் தருவீங்களோ? ஒரு ஆளுக்கு ஓடப் பழக்கவேணும்." கேட்ட எல்லாரும் திருப்பிக் கேட்டதும் ஒரே கேள்விதான். "ஆருக்கு?"

எங்கட தோழிக்கு என்று சொன்னதும் கதை மாறிவிடும். "அந்தப் பிள்ளைக்கு என்னத்துக்கு மனுவல்? ஓட்டோ கியர் காணும்தானே."

காணாது. ஏன் காணாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

அவளுடையது தோட்டக்கார வீடு. முற்றத்தில் ஒரு டிமோ பட்டா நிற்கிறது. விடியப்புறம் அதில் வெங்காயமும் பீட்ரூட்டும் ஏற்றிக்கொண்டு அப்பா மருதனார்மடம் சந்தைக்குப் போவார். போன வருசம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. இடது கை இன்னும் சரியாக வரவில்லை. எங்கட நாட்டு வாகனங்களில் கியர் போடுவது அந்தக் கைதான். இப்போது ஒவ்வொரு சந்தை நாளும் கூலிக்கு வாகனம் பிடிக்கிறார்கள். விற்ற காசில் ஒரு பங்கு அதோடு போய்விடுகிறது. அவளிடம் லைசன்ஸ் இருக்கிறது. ஆனால் ஓட்டோ கியர் காரில் ட்ரயல் கொடுத்து எடுத்தது. அப்படி எடுத்தால் அனுமதிப்பத்திரமும் ஓட்டோ கியருக்கு மட்டும்தான். சொந்த முற்றத்தில் நிற்கிற பட்டாவை அவளால் றோட்டுக்கு எடுக்க ஏலாது.

"அப்ப பட்டாவிலேயே பழகலாமே?" நாங்களும் அதைத்தான் கேட்டோம். அம்மா விடவில்லை. "அது சோறு போடுற வாகனம், பிள்ளையள். கிளச் போனா ஆர் செய்து தாறது?" அவ சொன்னதில் பிழையில்லை. அதனால்தான் வேறு கார் தேடினோம்.

வெளிநாட்டில் இருக்கிற ஒரு மாமாவின் கார் படங்கு மூடியபடி நிற்கிறது. "அவர் வந்தா ஓடவேணும்" என்றார்கள். அவர் கடைசியாக வந்தது எப்போது என்று நாங்கள் கேட்கவில்லை. கூட்டாளிமார் வீடுகளில் இருப்பதெல்லாம் அக்வா, பிரியஸ், வேகன் ஆர். மனம் இருந்தது, கிளச் பெடல் இல்லை. வாடகைக் கார்க்காரர் பழகிற ஆளுக்கு எண்டால் தரமாட்டம் என்றார். லேர்னர்ஸ் பழக்கும் இடத்தில் அவள் திரும்பவும் பதிந்திருக்கிறாள். ஆனால் அங்கே கிடைக்கிற நேரம் ட்ரயலுக்குத்தான் காணும், விடியக்காலையில் பாரம் ஏற்றிய பட்டாவுக்குக் காணாது.

ஆட்களின் பயம் எங்களுக்கு விளங்குகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட வருசங்களில் பழைய காருக்கும் தங்கத்தின் மவுசு வந்துவிட்டது. ஒரு கீறல் விழுந்தாலும் மனம் நோகும்தான்.

ஆனால் அந்தப் பயம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. எங்களுக்குள் இருக்கிற பெடியள் எப்படி ஓடப் பழகினார்கள் என்று இருந்து யோசித்தோம். ஒருவன் சித்தப்பாவின் உழவு மெசினில், வயலுக்குள். ஒருவன் கராஜில் சும்மா நிற்கப் போய், "இதைக் கொஞ்சம் பின்னுக்கு எடு" என்று அண்ணை திறப்பை எறிந்ததில். இன்னொருவன் கலியாண வீடொன்றில் வானைத் தள்ளி நிறுத்தப் போனபோது. ஒருத்தனும் கார் தேடி அலையவில்லை. திறப்பு அவர்களைத் தேடி வந்திருக்கிறது. பெட்டையளுக்கு வந்தது ஸ்கூட்டியின் திறப்பு. அதிலும் கியர் இல்லை.

இதில் நாங்களும் சுத்தமில்லை. மூன்று வருசத்துக்கு முதல் அவள் லைசன்ஸ் எடுக்கப் போனபோது, "ஓட்டோவில எடு, அது லேசு" என்று சொன்னது நாங்கள்தான். அக்கறையோடுதான் சொன்னோம். அந்த அக்கறைதான் இண்டைக்குப் பட்டாவை முற்றத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது.

"மனுவல் காலம் முடிஞ்சுது, இனி எல்லாம் கரண்ட் கார்" என்று சிலர் சொல்கிறார்கள். விடிய நாலு மணிக்கு ஒருக்கால் சந்தை வாசலில் நின்று பாருங்கள். பட்டா, லொறி, உழவு மெசின், பழைய வான் என்று அங்கே வந்து நிற்கிறவற்றில் பெரும்பாலானது கிளச் உள்ளதுதான். வீட்டுக் கார்களை விட்டுத்தான் கிளச் போயிருக்கிறது. உழைக்கிற வாகனத்தில் அது இன்னும் இருக்கிறது. ஓட்டோ லைசன்ஸ் மட்டும் வைத்திருக்கிற ஒரு பெட்டைக்கு அந்த உழைப்பும் எட்டாது.

90களில் பெற்றோல் வராத காலத்தில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மண்ணெண்ணெயில் ஓடின ஊர் இது. துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றின கதையை எங்கட அப்பாமார் இன்னும் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் கெட்டித்தனத்தை அவர்கள் மகன்மாரிடம் கொடுத்தார்கள். மகள்மாரிடம் கதையை மட்டும் கொடுத்தார்கள்.

கடைசியில் கார் கிடைத்தது. கராஜ் வைத்திருக்கிற ஒரு அண்ணையின் பழைய மாருதி 800. பெயின்ட் போன கார், ஒரு பக்கக் கதவு ஏற்கெனவே நெளிந்தது. ஓடப் பழக இதைவிட நல்ல கார் இல்லை என்று இப்போது சொல்வோம். நெளிவு இருக்கிறபடியால் ஓடுகிற ஆளுக்குப் பதற்றம் குறைவு. சின்ன உடம்பு, நாலு மூலையும் சீட்டில் இருந்தே தெரியும். கிளச் மெதுமை. ஹான்ட் பிரேக் நடுவில் இருப்பதால் பக்கத்தில் இருக்கிற ஆளும் இழுக்கலாம். பழக்கும் இடத்துக் காரில் மற்றப் பக்கமும் ஒரு பிரேக் பெடல் இருக்கும். கூட்டாளியின் காரில் அந்த ஹான்ட் பிரேக்தான் துணை.

அண்ணை ரெண்டு நிபந்தனை போட்டார். தரவையை விட்டு றோட்டுக்கு ஏறக்கூடாது, றோட்டுப் பழக்கம் பயிற்றுநரோடதான். முதல் நாள் அக்சிலேட்டரைத் தொடக்கூடாது. ரெண்டாவது எங்களுக்கு விளங்கவில்லை. அவர் விளங்கப்படுத்தினார். என்ஜின் நிண்டு போறதால கிளச் தேயாது. அரைவாசி கிளச்சில காலை வச்சுக்கொண்டு அக்சிலேட்டரை மிதிக்கிறதாலதான் தட்டுத் தேயும், மணம் வரும். சமதரையில கிளச்சை மட்டும் மெல்ல மெல்ல விட்டா கார் தன்பாட்டில அசையும். யாழ்ப்பாணம் முழுக்கச் சமதரைதானே.

முதல் நாள் பதினொரு தரம் என்ஜின் நின்றது. பன்னிரண்டாவது தரம் என்ஜின் சத்தம் கொஞ்சம் இறங்கி, கார் லேசாக நடுங்கி, தன்பாட்டில் நகர்ந்தது. அவள் ஒண்டும் கதைக்கவில்லை. தரவையின் மற்றக் கரைக்குப் போய்ச் சேருமட்டும் ரெண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். "ரெண்டாவது கியர் போடு" என்று பின்சீட்டில் இருந்து நாங்கள் மூன்று பேரும் ஒண்டாய்க் கத்தினோம். அது பிழை. பழக்குகிற நேரம் ஒரு ஆள்தான் கதைக்கவேணும்.

இதை வாசிக்கிற உங்கட வீட்டிலும் பழைய மனுவல் கார் ஒன்று நிற்கலாம். முதலில் காப்புறுதிக்காரரிடம் கேளுங்கள், பழகிற ஆள் ஓடினால் காப்புறுதி செல்லுமோ என்று. பெற்றோல் காசையும், கிளச் தட்டுக்கு ஒரு பங்கையும் பழகிற ஆளிடம் வாங்குங்கள், அதில் வெட்கமில்லை. லேர்னர்ஸ் கையில் இருக்கிறதோ என்றும் பாருங்கள். "ஆருக்கு?" என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள். தம்பிக்கு எண்டால் கேட்காமல் எறிகிற திறப்பை, தங்கச்சி கேட்கும்போதாவது கொடுங்கள்.

அவளுக்கு ட்ரயல் அடுத்த மாதம். பாஸ் பண்ணுவாளோ தெரியாது. அம்மா மட்டும் போன கிழமை பட்டாவைக் கழுவி வைத்திருக்கிறா.