இரவுக் காவலுக்கு ஏற்ற கருவி எது?

நிலக்கடலையில் காய் பிடிக்கும் பருவம், மக்காச்சோளத்தில் கதிர் பால் கட்டும் பருவம், மரவள்ளியில் கிழங்கு திரளும் பருவம் ஆகிய மூன்றும் உழவர்கள் தூக்கத்தை இழக்கும் பருவங்களாகும். காட்டோரக் கிராமங்களில் மட்டுமன்றி, காட்டை விட்டு வெகுதூரம் தள்ளியுள்ள சீமைக் கருவேலம் புதர்களிலும் ஆற்றோரங்களிலும் குடிகொண்டுவிட்ட காட்டுப் பன்றிகள், மூன்று மாத உழைப்பை ஒரே இரவில் கிளறிப் போட்டுவிடுகின்றன. நீர் பாய்ச்சுவதைக் காட்டிலும் பயிரைக் காப்பது மேல் என்று வள்ளுவர் சொன்னதன் பொருள், கடலைக் காட்டில் இரவு முழுதும் தகரம் தட்டுகிறவருக்கு நன்றாக விளங்கும்.

இந்நிலையில், "இருட்டைப் பகலாக்கும்" என்ற விளம்பரத்துடன் இரவுப் பார்வைக் கருவிகள் கைப்பேசி வழியாகவே விற்பனைக்கு வருகின்றன. இவற்றுள் பல, அயல்நாடுகளில் இரவு வேட்டைக்கென்றே செய்யப்பட்டவை. பன்றித் தொல்லை தாங்காத ஊர்களில் இளைஞர்கள் பணம் சேர்த்து இத்தகைய கருவி ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பதில் வியப்பில்லை. ஆனால் வேட்டைக்கென்று வாங்கினால் உழவருக்குப் பணமும் நட்டம், நிம்மதியும் நட்டம். காவலுக்கென்று, அதுவும் ஊர்ப் பொதுவில் வாங்கினால் அதே கருவி உயிரைக் காக்கும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்ட பிறகே பணப்பையைத் திறத்தல் நலம்.

மூன்று வகைக் கருவிகள்

சந்தையில் உள்ளவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, நிலவொளியையும் விண்மீன் ஒளியையும் பன்மடங்கு பெருக்கிக் காட்டுவது. போர்ப்படைகளின் தேவைக்காக உருவானது, விலை மிகுதி. மேகம் மூடிய அமாவாசை இரவில் பெருக்குவதற்கு ஒளியே இராது என்பதால் படம் மங்கிவிடும். கடும் வெளிச்சம் நேராகப் பட்டால் கருவியே கெடவும் கூடும். சிறு உழவர்கள் இதைப் பற்றி எண்ண வேண்டியதில்லை.

இரண்டாம் வகை, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை வீசி, பட்டுத் திரும்பும் ஒளியைப் படமாக்கும் டிஜிட்டல் கருவி. மூன்றில் விலை குறைந்தது இதுவே. இதன் விளக்கு 850 நானோமீட்டர், 940 நானோமீட்டர் என இரு அளவுகளில் வருகிறது. முன்னது சற்றுத் தூரம் எட்டும். ஆனால் விளக்கின் முகப்பில் மங்கிய சிவப்பு தெரியும். பின்னது வெளியே தெரியாது. ஆனால் எட்டும் தூரம் குறைவு. எதிரே சோளத் தட்டையோ புல்லோ நின்றால் ஒளி அதில் பட்டுத் திரும்பிப் படம் முழுதும் வெளுத்துவிடும். மார்கழிப் பனியிலும் இதே குறை உண்டு.

மூன்றாம் வகை, உயிர்களின் உடல் வெப்பத்தையே படமாக்கும் வெப்பப் படக் கருவி. இதற்கு நிலவும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். குளிர்ந்த நிலத்தின்மேல் நிற்கும் விலங்கு வெண்ணிற உருவமாகத் தனித்துத் தெரியும். இதன் விலை பல பத்தாயிரம் ரூபாயில் தொடங்குகிறது. ஓர் ஏக்கர் மக்காச்சோளத்தில் செலவு போக மிஞ்சுவதைவிட அது அதிகம் என்பதை மறக்கலாகாது.

அட்டையில் அச்சிட்ட தூரம்

வெப்பப் படக் கருவியின் பெட்டியில் "1000 மீட்டர்" என்று அச்சிட்டிருக்கும். அது பொய்யன்று; ஆனால் வாங்குபவர் நினைக்கும் பொருளும் அதற்கில்லை. அவ்வளவு தொலைவில் "ஏதோ ஒன்று இருக்கிறது" என்று மட்டுமே தெரியும். 1958இல் ஜான் ஜான்சன் என்ற அமெரிக்கப் படைத்துறை ஆய்வாளர் வகுத்த அளவுகோலே இன்றும் இத்துறைக்கு அடிப்படை. அதன்படி, ஒரு பொருள் இருப்பதை அறிய ஒரு பங்கு நுணுக்கம் போதுமென்றால், அது எவ்வகைப்பட்டது என்று அறிய 4 பங்கும், இன்னதுதான் என்று உறுதி செய்ய 6 பங்குக்கு மேலும் நுணுக்கம் வேண்டும். ஆகவே 1000 மீட்டர் கருவியில் விலங்கின் வகை தெரிவது சுமார் 250 மீட்டரில். உறுதியாவது சுமார் 150 மீட்டரில். பனி, மழை, தூறல் இருந்தால் இன்னும் குறையும்.

கருவியின் நுணுக்கம் அதன் புள்ளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 256க்கு 192 புள்ளிகள் கொண்டது சிறு வயலுக்குப் போதும். 384க்கு 288 கொண்டது அகன்ற நிலத்திற்கு ஏற்றது. அதற்கு மேற்பட்டது பயிர்க் காவலுக்குத் தேவையில்லை. விற்பவர் சொல்லை மட்டும் நம்பாமல், ஒரு மாட்டை 50, 100, 200 மீட்டர் தொலைவில் கட்டி, இரவில் கருவி வழியாகப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

கருவி காட்டாதவை

இரவில் வரப்பில் நடப்பவரை அதிகம் அச்சுறுத்துவது பன்றியன்று, பாம்பு. கட்டு விரியனும் கண்ணாடி விரியனும் இரவில் நடமாடுபவை. பாம்பின் உடல் தன்னைச் சுற்றியுள்ள மண்ணின் சூட்டையே ஏறக்குறைய கொண்டிருப்பதால் வெப்பப் படக் கருவியில் அது எளிதில் தெரியாது. கண்ணில் கருவியை வைத்துக்கொண்டு காலடியைப் பார்க்காமல் நடப்பதைவிட ஆபத்தான செயல் வேறில்லை.

ஆளுயரம் வளர்ந்த மக்காச்சோளத்திற்குள்ளும் கரும்புக்குள்ளும் இருப்பதை எந்தக் கருவியும் காட்டாது. இலைகள் வெப்பத்தை மறைத்துவிடும். நிலக்கடலை, இளம் பயிர், வரப்போரம், வேலியோரம் ஆகிய இடங்களில்தான் இது பயன் தரும்.

இவற்றைவிட முக்கியமானது ஒன்றுண்டு. மும்முனை மின்சாரம் இரவில் வரும் ஊர்களில் மோட்டார் போடவும் மடை மாற்றவும் உழவர்கள் நள்ளிரவில் வயலுக்குப் போகிறார்கள். மடையருகே குனிந்திருக்கும் மனிதர், படுத்திருக்கும் கன்று, மேயும் பன்றி ஆகிய மூன்றும் தொலைவில் ஒரே வெள்ளைத் திட்டாகத்தான் தெரியும். அந்தத் திட்டை நோக்கி விசையை இழுப்பவர் எதைச் சுடுகிறார் என்று அவருக்கே தெரியாது. டார்ச் விளக்கை நம்புவதும் இதற்குப் பரிகாரமாகாது. மாடு, மான், நாய் ஆகியவற்றின் கண்ணில் ஒளியைத் திருப்பும் படலம் உண்டு. பன்றியின் கண்ணில் அது இல்லை. வெளிச்சத்தில் பளிச்சென்று மின்னும் கண்கள் பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியின் கண்களாகவே இருக்கலாம்.

சுட்டால் தீருமா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பண்ணைகளை அழிக்கும் காட்டுப் பன்றிகளைத் தனியார் நிலத்தில் இரவிலும் சுடலாம். 2011இல் ஹெலிகாப்டரிலிருந்து சுடும் வேட்டைக்குக் கட்டணம் வாங்கவும் சட்டம் இடம் கொடுத்தது. 2019இல் வேட்டை உரிமமே தேவையில்லை என்றாயிற்று. வெப்பக் குறிநோக்கி பொருத்திய துப்பாக்கிகள் அங்கே சாதாரணம். அப்படியிருந்தும் பன்றிகள் ஒழியவில்லை. ஆண்டுதோறும் மூன்றில் இரண்டு பங்கை அகற்றினால்தான் எண்ணிக்கை ஏறாமலாவது நிற்கும் என்பது அங்குள்ள வல்லுநர்களின் கணக்கு.

காரணம் எளிது. பெண் பன்றி 115 நாளில் ஈனுகிறது. ஓர் ஈற்றில் 4 முதல் 6 குட்டிகள். ஒன்றைச் சுட்டால் கூட்டம் சிதறி, அடுத்த வயலுக்குப் போய், இன்னும் எச்சரிக்கையாக நடமாடும். ஒரு பன்றி செத்ததால் ஓர் உழவருக்கு மனம் ஆறலாம், பயிர் தப்பாது. மேலும் டெக்சாசில் அது வெளியிலிருந்து வந்த இனம். நம் காடுகளில் அது மண்ணுக்குரியது. புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இரையாவது.

சட்டம் சொல்வது

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், உரிமம் பெற்ற வேட்டையிலேயே செயற்கை வெளிச்சத்தைப் பயன்படுத்துவதற்குக் கட்டுப்பாடு விதித்திருந்தது. 1991 திருத்தத்திற்குப் பிறகு உரிம வேட்டை என்பதே இல்லை. 2022 திருத்தத்தின்படி காட்டுப் பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அனுமதியின்றிச் சுடுதல் மட்டுமன்றி, சுருக்கு வைத்தலும், அவுட்டுக்காய் போடுதலும், அவற்றுக்கு முயலுதலும் வேட்டையே. மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் வரலாம். குற்றத்திற்குப் பயன்பட்ட கருவியும் வண்டியும் அரசுடைமையாகும். ஆசையாக வாங்கிய கருவி அன்றே கைவிட்டுப் போகும்.

பயிருக்குக் கேடு செய்யும் பன்றியை அகற்ற வழியே இல்லை என்பதன்று இதன் பொருள். தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் இதற்கு ஒரு முறையை அறிவித்தது. காப்புக் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடுவதில்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவது. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையின் பயிற்சி பெற்ற பணியாளர்கள் சுடுவது என்பது அந்த முறை. சுடும் பொறுப்பு உழவருடையதன்று. முறையிடும் பொறுப்பே அவருடையது. சேதமான அன்றே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச் சரக அலுவலகத்திலும் எழுத்து மூலம் தெரிவிப்பது, துப்பாக்கி தூக்குவதைவிடப் பயன் தரும்.

எமனாகும் மின்கம்பி

சிலர் வீட்டு மின்சாரத்தையோ மோட்டார் மின்சாரத்தையோ நேராகக் கம்பியில் பாய்ச்சிவிட்டுத் தூங்கப் போகிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பன்றிக்கென்று போட்ட அத்தகைய வேலியில் மூன்று யானைகள் மாண்டன. வேலி போட்டவரும், பக்கத்து நிலத்துக்காரரும், விடியற்காலையில் பால் கறக்கப் போகிறவரும் இப்படியே மாண்டுபோவதுண்டு.

சூரிய மின்வேலி வேறு. அது 12 வோல்ட் மின்கலத்தில் இயங்கி, ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைவான துடிப்பாகப் பாய்வது. சுரீரென்று உறைக்கும், உயிரை எடுக்காது. பன்றி கீழே நுழையும் பிராணியாகையால் முதல் கம்பி தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் போகலாகாது. கம்பியில் களை பட்டால் மின்துடிப்பு தரைக்கு இறங்கிவிடும் என்பதால் வேலியோரத்தைச் சுத்தமாக வைத்தல் வேண்டும். 2023ஆம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி காட்டை ஒட்டிய பகுதிகளில் இதற்கு வனத்துறை அனுமதி பெறுதல் அவசியம்.

எதை முதலில் வாங்குவது?

சிறு உழவர் கையிலுள்ள பணத்தைக் கீழ்க்கண்ட வரிசையில் செலவிடுவது பொருத்தமாகும்.

முதலாவது, முழங்கால் வரையுள்ள ரப்பர் காலணியும் தலையில் மாட்டும் விளக்கும். 300 முதல் 500 லூமென் வெளிச்சம் போதும். மழை தாங்குவதாகவும் மின்கலம் கழற்றி மாற்றக் கூடியதாகவும் பார்த்து வாங்க வேண்டும். சிவப்பு வெளிச்சமும் உள்ள விளக்கானால் நல்லது. வெள்ளை வெளிச்சத்தில் கூசிய கண் மீண்டும் இருளுக்குப் பழக அரை மணி நேரமாகும். சிவப்பில் அந்தத் தொல்லை குறைவு.

இரண்டாவது, வேலி. தனித்தனியே போடுவதைவிட, அடுத்தடுத்த நிலத்தார் சேர்ந்து ஒரே சுற்றாகப் போட்டால் கம்பிச் செலவு கணிசமாகக் குறையும்.

மூன்றாவது, முறை வைத்த காவல். பரணில் எப்போதும் இருவர் இருத்தல் வேண்டும். ஒரே இடத்தில் எரியும் விளக்கும், ஒரே மாதிரி ஒலிக்கும் ஓசையும் சில நாளில் பன்றிக்குப் பழகிவிடும். இடத்தையும் ஓசையையும் மாற்றிக்கொண்டே இருந்தால்தான் பலன் உண்டு.

இம்மூன்றும் முடிந்த பிறகே நான்காவதாக வெப்பப் படக் கருவி. அதுவும் ஆளுக்கொன்றாக வேண்டாம். காட்டோரத்தில் யானை வரும் ஊர்களில், உழவர் உற்பத்தியாளர் குழு போன்ற அமைப்பு ஒன்று, ஊருக்கு ஒரு கருவி வாங்கி வைக்கலாம். துப்பாக்கியில் பொருத்தும் வகை வேண்டாம். கையில் பிடித்துப் பார்க்கும் வகை போதும். வயலுக்குள் இறங்குமுன் பரணிலிருந்தோ மாடியிலிருந்தோ ஒருமுறை சுற்றிப் பார்த்தால், இருளோடு இருளாக நிற்கும் யானை தெரிந்துவிடும். மடை மாற்றப் போகிறவர் அன்று வீடு திரும்ப அது ஒன்றே போதும். கோவை மதுக்கரைப் பகுதியில் இரயிலில் யானைகள் அடிபடாமலிருக்க 2024இல் 12 கோபுரங்களில் அமைத்த கேமராக்களிலும் வெப்பப் படக் கருவிகள் உண்டு. பாதையருகே யானை வந்தால் அந்தச் செய்தி முன்னதாகவே போய்ச் சேர்கிறது. அதே பயனை ஒரு கிராமமும் சிறிய அளவில் பெற முடியும்.

பொதுக் கருவிக்குப் பொறுப்பாளர் ஒருவரும் கணக்கேடு ஒன்றும் தேவை. எந்த இரவில், எந்தப் பக்கமிருந்து, எத்தனை பன்றிகள் வந்தன என்று குறித்து வந்தால், வேலியை எங்கே பலப்படுத்துவது என்பது ஒரே மாதத்தில் விளங்கும். வனத்துறையிடம் முறையிடும்போது அந்தக் கணக்கேடே வலுவான சான்றாகவும் அமையும்.