ஆலை மூடினால் நிலம் நமக்கு, நஞ்சு யாருக்கு?



ஓசூர் சிப்காட் நிலம் ஆலைகளுக்கு விற்கப்பட்டதல்ல, 99 ஆண்டு குத்தகை. அது மக்கள் சொத்து. நாளைக்கு ஒரு ஆலை மூடிட்டுப் போனா, மண்ணுக்குள்ள விட்டுட்டுப் போற கழிவும் நம்ம தலையிலதான்!

போபாலைப் பாருங்க. 1984-ல் நச்சுவாயு. 1998-ல் ஆலை நிலம் மாநில அரசிடம் திரும்பியது. கிடங்கில் கிடந்த 337 டன் கழிவு வெளியேறியது 2025 ஜனவரியில்தான். மண்ணும் நிலத்தடி நீரும் இன்னும் சுத்தமாகல.

இங்கே கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை ஏற்கெனவே நுரை கக்குது. இன்னொரு நஞ்சை ஆறு தாங்குமா?

நம் கோரிக்கை:
✊ குத்தகை முடியும் முன் மண், நிலத்தடி நீர் பரிசோதனை
✊ சுத்திகரிப்புச் செலவு ஆலை முதலாளிக்கே
✊ முடிவுகள் மக்கள் பார்வைக்கு
✊ சுத்தமான பிறகே மறு ஒதுக்கீடு

லாபம் அவங்களுக்கு, நஞ்சு நமக்கா? உரக்கக் கேளுங்க, பகிருங்க!